ஆவி அறைக்கு முன் ஆறுமிடம்

வீட்டில் நீராவிக் குளியலுக்கு இடம் ஒதுக்க நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது, ஜெனரேட்டர் எத்தனை கிலோவாட் என்பதை. பிறகு டைல்ஸ், கண்ணாடிக் கதவு, உள்ளே எரியும் நீல விளக்கு என்று பேச்சு நகரும். ஆவியிலிருந்து வெளியே வந்ததும் எங்கே உட்காரப் போகிறோம், அங்கே காற்று எப்படி இருக்கும், வாளித் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. செலவெல்லாம் செய்து முடித்து, நாலைந்து முறை குளித்துவிட்டு, 'களைப்பாகத்தான் இருக்கிறது' என்று அறையைப் பூட்டிவிடுகிறவர்கள் விட்ட இடம் அதுதான். இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறது. ஆறுமிடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஆவி அறை அதற்குத் தக்கபடி அமையட்டும். இதை ரசனை சார்ந்த யோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீராவி உடம்பில் என்ன செய்கிறது என்று பார்த்தால் இந்த முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

தமிழில் வெக்கை வேறு, புழுக்கம் வேறு. வேலூரில் சித்திரை மதியம் 41 டிகிரி காய்ந்தாலும் மரநிழலில் ஒதுங்கினால் உடம்பு கொஞ்சம் தேறும். சென்னையில் 35 டிகிரிதான் என்றாலும், கடற்காற்று உள்ளே வராத நாளில் நிழலிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நெல்லை ஆவியில் அவித்துக் காயவைத்துக் குத்தினால் புழுங்கல் அரிசி. அந்தப் புழுங்கலும் இந்தப் புழுக்கமும் ஒரே சொல்லின் பிள்ளைகள். நம் உடம்புக்குக் கடும் சூட்டில் இருக்கும் ஒரே தற்காப்பு வியர்வை காய்வதுதான். ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்தே ஆவியாகிப் போனால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் அது காய வேண்டும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. ஆவி நிறைந்த அறையில் காற்று இனி ஒரு துளியும் ஏற்றுக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறது. அதனால் வியர்வை காய்வதற்கு வழியே இல்லை. அதோடும் நிற்பதில்லை. காற்றிலிருக்கும் ஆவி நம் தோல்மேல் படிந்து தண்ணீராகிறது. அப்படி மாறும்போது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை நம்மிடம் இறக்கிவிடுகிறது. இட்லிக் கொப்பரைக்குள் மாவு பத்து நிமிடத்தில் வேகிறதே, அது இதே வழியில்தான். அளவில் பெரிய வேறுபாடு உண்டு, வேலை ஒன்றே.

இதை நேரில் சோதித்துக் காட்டியவர்கள் 250 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், தானும் ஜார்ஜ் ஃபோர்டைஸ் முதலான நண்பர்களும் சூடேற்றிய அறைகளுக்குள் புகுந்து வந்த கதையை எழுதினார். ஓர் அறையின் சூடு 260 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 127 செல்சியஸ். காற்று உலர்ந்திருந்தது. உள்ளே வைத்த முட்டை இறுகிப்போனது, இறைச்சித் துண்டு வெந்தது, மனிதர்கள் தம் காலால் நடந்து வெளியே வந்தார்கள். ஃபோர்டைஸ் செய்த இன்னொரு சோதனைதான் நமக்கு வேண்டியது. தரையில் கொதிநீரை ஊற்றி அறையை ஈரமாக்கிக்கொண்டு சுமார் 50 டிகிரியில் அவர் நின்றார். உடம்பெல்லாம் தண்ணீர் ஓடியது. வியர்வையா, வேறேதாவதா? உடம்புச் சூட்டுக்குச் சமமான வெதுவெதுப்பான நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை ஒன்றை அங்கே வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு வியர்க்காது, ஆனால் அதன்மீதும் அதே போல் நீர் வழிந்தது. ஆக, நீராவி அறையில் நம் மார்பிலும் முதுகிலும் வழிவதில் பெரும்பங்கு நம்மிடமிருந்து வெளியேறியதல்ல, காற்றிலிருந்து நம்மேல் வந்து படிந்தது. 'எவ்வளவு வியர்த்துவிட்டது பார்' என்று வழியும் நீரைக் கண்டு மகிழ்வதற்கு முன் அந்தக் குடுவையை நினைத்துக்கொள்ளலாம்.

ஃபின்லாந்துச் சவுனாவில் இதே வித்தையைச் சிறுகச் சிறுகச் செய்கிறார்கள். அங்கே அறை 80 டிகிரி அளவில் உலர்ந்து கிடக்கும்; அடுப்பின்மேல் குவித்த கற்களில் அவ்வப்போது ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றுவார்கள். எழும் ஆவிக்கு லொய்லு என்று பெயர். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கன மீட்டர் அறை, 80 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம் என்றால், 32 டிகிரியைவிடக் குளிர்ந்த பொருள்மேல் மட்டுமே ஆவி படியும். தோல் அதைவிடச் சூடானது. அதனால் வியர்வை நன்றாகக் காயும். 200 மில்லி தண்ணீரைக் கல்லில் ஊற்றி அது முழுதும் ஆவியானால் அந்த எல்லை 41 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். இப்போது தோல்தான் குளிர்ந்த பொருள். ஆவி அதன்மேல் படியும். வெப்பமானியின் முள் அசைந்திருக்காது, உடம்போ சுள்ளென்று உணரும். சில நிமிடங்களில் ஆவி மரச்சுவரிலும் காற்றோட்டத்திலும் கரைந்துபோக, உடம்பு மறுபடி தன் வியர்வையால் தன்னைக் காத்துக்கொள்ளும். நீராவி அறையில் இந்த இடைவெளி கிடையாது. 43 டிகிரிதான், சவுனாவில் பாதிதான் என்று எண்ணுவது தவறு; அகப்பைத் தண்ணீர் ஊற்றிய அந்தக் கணம் அங்கே இடைவிடாமல் நீடிக்கிறது.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவு அது. அது 35 டிகிரியைத் தாண்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மனித உடம்பால் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது என்று 2010-இல் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹூபர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இளம் வயதினரை வைத்துச் செய்து 2022-இல் வெளியிட்ட சோதனையில், ஈரமான சூழலில் 31 டிகிரியை ஒட்டியே உடம்பின் உட்சூடு கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. நம் நீராவி அறையிலோ காற்று முழுக்க நிறைந்திருப்பதால் ஈரக்குமிழ் அளவும் 43 டிகிரிதான். அப்படியானால் அங்கே உடம்பு ஒருநாளும் சமநிலைக்கு வராது. பழகப் பழகவும் வராது. உள்ளே போன கணத்திலிருந்து உட்சூடு ஏறிக்கொண்டே இருக்கும். நீராவி அறைக் காற்று தங்குவதற்கானது அல்ல, கடந்து போவதற்கானது. நம்மைக் காப்பது கடிகாரமும் கதவும்தான். நேரத்தை நீட்டிக்கொண்டே போவதைத் திறமையாகக் கருதினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபின்லாந்தின் ஹெய்னோலா நகரம் சாட்சி. 1999 முதல் அங்கே உலகச் சவுனாப் போட்டி நடந்தது. 110 டிகிரி, 30 விநாடிக்கு ஒருமுறை அரை லிட்டர் தண்ணீர் கல்லில் விழும், கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் வெற்றியாளர். 2010 ஆகஸ்ட் இறுதிச் சுற்றில் இருவர் மிஞ்சினார்கள். ஆறு நிமிட அளவில் இருவரையும் தீக்காயங்களோடு வெளியே தூக்கி வர வேண்டியிருந்தது, ஒருவர் இறந்தார். போட்டி அதோடு முடிந்தது.

அப்படியானால் இதில் சுகம் எங்கிருந்து வருகிறது? ஏறிய சூடு இறங்கும்போது வருகிறது. ஆவியில் இருக்கையில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, இதயம் வேக நடையில் இருப்பதுபோல் துடிக்கிறது. வெளியே வந்து காற்று பட்டதும் வியர்வை முதன்முறையாகக் காயத் தொடங்குகிறது, விரிந்த குழாய்களில் ஓடும் ரத்தம் வழியே உள்சூடு வெளியேறுகிறது, துடிப்பு தணிகிறது, தசைகள் தளர்ந்தபடியே இருக்கின்றன. அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் உள்ளே போன பத்து நிமிடம். குளியலைக் கலையாக வளர்த்த சமூகங்கள் இதை அறிந்திருந்தன. ரோமில் 216-இல் திறந்த காரகல்லா குளியலகத்தில் நடுநாயகமாக நிற்கும் பெருங்கூடம் சூட்டு அறை அல்ல, குளிர்நீர்க் கூடம். ஃபின்லாந்தில் சவுனாவுக்குப் பின் திண்ணையிலோ ஏரிக்கரையிலோ உட்கார்ந்து ஆறுவதற்கென்றே வில்வொய்த்தெலு என்று தனிச் சொல் இருக்கிறது. 2020-இல் யுனெஸ்கோ அந்நாட்டுச் சவுனா மரபைப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தபோது, சேர்ந்தது வெறும் சூட்டறை அல்ல. போவது, இருப்பது, வந்து ஆறுவது என்ற முழு வழக்கம். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று நாம் சோற்றுக்குச் சொல்வதை நீராவிக் குளியலுக்கும் அப்படியே சொல்லலாம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். நாமோ வருடத்தில் எட்டு மாதம் வியர்த்துக்கொண்டே இருக்கிறோம். பனி கொட்டும் நாட்டு வழக்கம் நமக்கு எதற்கு? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கடலோர ஊர்களில் சித்திரை, வைகாசி மதியத்தில் நீராவிக் குளியல் எடுப்பது, புழுக்கத்திலிருந்து பெரும் புழுக்கத்துக்குப் போய் மறுபடி புழுக்கத்துக்கே திரும்புவது. அதில் ஏற்றம் உண்டு, இறக்கம் இல்லை. அந்த மாதங்களில் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் மறுப்பு அதற்கு மேல் செல்லாது. நாம் நாளெல்லாம் படும் புழுக்கத்தில் நம்மை வாட்டுவது, சூடு ஏறுவதைவிட அது இறங்காமலே இருப்பது, இரவிலும் இறங்குவதில்லை. நன்றாக அமைத்த நீராவிக் குளியல் இதற்கு நேர்மாறானது: குறுகிய நேரம் கடுமையாக ஏறி, பிறகு முழுமையாக இறங்குவது. அந்த இறக்கத்துக்கு வழி செய்ய முடிந்தால் ஐப்பசி மழை நாளும் மார்கழி விடியலும் சென்னையிலேயே இதற்குப் பொருத்தமானவை. கோவைக்கும் ஓசூருக்கும் இன்னும் பல மாதங்கள் கிடைக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

ஆகவே ஆறுமிடத்திலிருந்து தொடங்குவோம். ஆவி அறைக் கதவிலிருந்து நாலைந்து எட்டுக்குள் இருக்க வேண்டும். தலைசுற்றும் நேரத்தில் படியேறவோ வழவழப்பான கூடத்தைக் கடக்கவோ கூடாது. சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி அல்லது கயிற்றுக் கட்டில், ஒரு மின்விசிறி, திறக்கும் ஜன்னல், அருகில் குடிநீர். இவ்வளவுதான் தேவை, ஆனால் இவ்வளவும் தேவை. விசிறி மிக முக்கியம்: ஈரத் தோல்மேல் ஓடும் காற்றுதான் உண்மையில் குளிர்விப்பது. வாளித் தண்ணீர் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. மொட்டை மாடித் தொட்டி பகலெல்லாம் காய்ந்து, குழாயில் வருவது வெந்நீராகவே இருக்கும். முதல் நாள் இரவே இரண்டு வாளி பிடித்து வீட்டுக்குள் தரையில் வைத்துவிட்டால் காலையில் போதுமான குளிர்ச்சி இருக்கும். மண்பானையில் வைத்தால் இன்னும் நல்லது. ஏசி அறையை ஆறுமிடமாக வைத்துக்கொள்ளலாமா என்றால், காற்றை உலரவைப்பதால் கடலோர ஊர்களில் அதுவே சிறந்த வழி. சட்டென்று சூடு மாறினால் சளி பிடிக்கும் என்ற அச்சம் பல வீடுகளில் உண்டு. சளியைத் தருவது வைரஸ், ஏசி காற்று அல்ல. ஆனால் அந்த அச்சத்துக்குள் ஒரு சரியான எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது: கொதித்த உடம்பில் திடீரென்று ஐஸ் தண்ணீர் பட்டால் ரத்த அழுத்தம் எகிறும், இதயம் பலவீனமானவருக்கு அது ஆபத்து. ஆகவே முதலில் விசிறிக் காற்று, பிறகு பாதத்தில் தொடங்கி முழங்கால், கை, தோள் என்று மேலே ஏறும் வாளித் தண்ணீர், துடைத்த பிறகு 26 டிகிரியில் ஏசி. இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தும்.

அடுத்து, ஆவிக்கு என்ன ஏற்பாடு என்பது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் முதன்முறை முயல்பவர்களும் மடக்கி வைக்கும் நீராவிக் கூடாரத்தில் தொடங்குவதையே பரிந்துரைக்கிறேன். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, தலையை மட்டும் மேலே வெளியே வைத்துக்கொள்வது. பக்கத்தில் ஒரு மின்சாரப் பானை ஆவி அனுப்பும். இது அசல் நீராவிக் குளியல் ஆகாது, தலைக்கு ஆவி பட வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெப்ப நாட்டுக்குத் தலை வெளியே இருப்பதே பலம். மூச்சில் குளிர்ந்த காற்று போகிறது, முகத்தில் விசிறி படுகிறது. உடம்பு சூட்டை எப்படி உணர்கிறது என்பதில் முகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இயற்கை மருத்துவமனைகளில் உள்ள மரத்தாலான நீராவிப் பெட்டியும் இதே அமைப்புதான். வியர்வைச் சிகிச்சைக்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கி 13 வகைகளைச் சொல்லும் சரக சம்ஹிதை, கண்களையும் இதயப் பகுதியையும் குளிர்ந்த பொருள்களால் காத்துக்கொள்ளச் சொல்வதும் இங்கே நினைக்கத்தக்கது. கூடாரத்தில் கவனிக்க வேண்டியது ஆவி வரும் வாய்தான். அதிலிருந்து வரும்போது ஆவி 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். கெண்டைக்கால் அதன் எதிரே இருந்தால் கொப்புளம் நிச்சயம். வாயை ஓரத்துக்குத் திருப்பி, மேலே துணி உறை போடுங்கள். தண்ணீர் வற்றினால் தானாக நிற்கும் வசதி இல்லாத பானையை வாங்க வேண்டாம். அடுப்பில் கொதித்த பாத்திரத்தை இறக்கி வைத்துப் போர்வைக்குள் உட்கார்வதைச் சளிக்கு வேது பிடிக்கிற சில நிமிடங்களோடு நிறுத்திக்கொள்வோம். அதிலும் சிறு பிள்ளைகளை உட்காரவைக்கவே கூடாது. பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவது அடிக்கடி நடக்கும் விபத்து.

சொந்த வீட்டில் தனி அறை கட்டுவதென்றால், சிறிதாகக் கட்டுங்கள். நாலடிக்கு ஐந்தடி, உயரம் ஏழடி என்றால் அது சுமார் 4 கன மீட்டர், இருவருக்குத் தாராளம். 43 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 60 கிராம் ஆவியைத் தாங்கும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆக, அறைக் காற்றை நிறைக்கத் தேவையானது 150 மில்லி தண்ணீர், ஒரு டம்ளர் அளவு. ஆனால் 4 கிலோவாட் ஜெனரேட்டர் 20 நிமிடத்தில் சுமார் 2 லிட்டரை ஆவியாக்கும். மீதியெல்லாம் எங்கே போகிறது? டைல்ஸையும் சுவரையும் கண்ணாடியையும் சூடேற்றப் போகிறது. இதிலிருந்து வரும் பாடம் விற்பனையாளர் சொல்வதற்கு நேர் எதிரானது: பெரிய ஜெனரேட்டரைவிடச் சிறிய அறையும் கூரை தாழ்வதும் வெயில் படும் வெளிச்சுவரைத் தவிர்ப்பதும் பலன் தரும். கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது தோராயக் கணக்கு. கண்ணாடி அதிகமானால் கொஞ்சம் கூடும். 4 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஏசிக்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் ஆகியவை இல்லாமல் இணைப்பைக் கொடுக்க விடாதீர்கள். முன்சூடோடு சேர்த்து முக்கால் மணி நேரம் ஓடினால் 3 யூனிட் செலவு; பயப்படும்படியான தொகை அல்ல. ஸ்விட்ச், பிளக், கீசர் எதுவும் ஆவி அறைக்குள் இருக்கக் கூடாது. பக்கத்துக் குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் முதலில் அதை வெளியேற்றுங்கள். காற்றுப் போக்கில்லாத இடத்தில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கொத்தனாரிடம் அழுத்திச் சொல்ல வேண்டியவை சில. கூரை சமதளமாக இருந்தால் படிந்த ஆவி குளிர்ந்து நேரே உச்சந்தலையில் சொட்டும். ஓரடிக்கு ஓரங்குலம் முதல் இரண்டங்குலம் வரை ஒரு பக்கம் சரியும்படி விட்டால் நீர் சுவரோடு வழிந்துவிடும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் ஆறு மாதம்கூடத் தாங்காது. டைல்ஸ் போடுவதற்கு முன் நாலு சுவருக்கும் கூரைக்கும் வாட்டர்ப்ரூஃபிங் வேண்டும். தரைக்கு மட்டும் அடித்துவிட்டு விடுவது வழக்கமாகிவிட்டது, அது போதாது. தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். எண்ணெய் தேய்த்துக்கொண்டு உள்ளே போகலாமா என்று பலர் கேட்பார்கள். எண்ணெய்க்குப் பின் வியர்வை என்பது பழைய மருத்துவ முறைதான். ஆனால் ஈரமும் எண்ணெயும் சேர்ந்த டைல்ஸில் கால் நிற்காது, தாங்கிப் பிடிக்க ஆளிருக்கும் மருத்துவமனையின் கதை வேறு. வீட்டில் எண்ணெய்க் குளியலுக்கு ஒரு நாள், ஆவிக்கு வேறு நாள் என்று பிரித்துக்கொள்வது நல்லது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாளே வைக்கக் கூடாது. மயங்கி விழுந்தவரின் உடம்பே உள்பக்கம் திறக்கும் கதவை அடைத்துவிடும். கரண்ட் போனால் இருட்டில் தடுமாறாமலிருக்க வெளியே ஓர் எமர்ஜென்சி விளக்கும், உள்ளிருந்தே பார்க்கும்படி கண்ணாடிக்கு வெளியே ஒரு கடிகாரமும் மாட்டுங்கள்.

குளிக்கும் முறையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழிந்திருக்கட்டும். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, சோப்புப் போட்டு ஒருமுறை குளித்துவிட்டு உள்ளே போங்கள். முதல் சில வாரம் எட்டு நிமிடம், பழகியபின் பன்னிரண்டு. பதினைந்தைத் தாண்ட எந்தக் காரணமும் இல்லை. படபடப்பு, குமட்டல், கண் இருள்வது என ஏதேனும் வந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் வெளியேறுங்கள். எழுவதற்கு முன் பாதங்களைத் தரையில் ஊன்றி அரை நிமிடம் உட்கார்ந்திருங்கள்; விரிந்த ரத்தக் குழாய்களோடு சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வரும். பிறகு ஆறுமிடம். உள்ளே இருந்த நேரத்தைவிடக் குறையாத நேரம் அங்கே இருக்க வேண்டும். வியர்வை தானாக நின்று, தோலைத் தொட்டால் குளிர்ந்திருக்கும்வரை. ஆறாமலே ஆடை உடுத்தினால் அடுத்த அரைமணிக்குள் ஆடையெல்லாம் நனையும், குளித்த பலன் போகும். விரும்பினால் இரண்டாம் முறை போகலாம், மூன்று வேண்டாம். உப்புப் போட்ட மோரோ இளநீரோ கடைசியில் குடியுங்கள். நொச்சியின் மணம் வேண்டுமென்றால் ஒரு கொத்தை மூலையில் கட்டித் தொங்கவிட்டால் போதும். தைலத்தை ஜெனரேட்டருக்குள் ஊற்றினால் இயந்திரம் கெடும், கண்ணும் எரியும்.

நோய் தீர்க்கும் என்ற பேச்சில் கொஞ்சம் நிதானம் தேவை. ஃபின்லாந்தின் கிழக்குப் பகுதியில் 2,315 நடுவயது ஆண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-இல் வெளியானது. வாரம் ஒருமுறை சவுனா செல்பவர்களைவிட நாலு முதல் ஏழு முறை செல்பவர்களிடம் திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவாக இருந்தது. இதை எடுத்துக்காட்டி நீராவிப் பெட்டி விற்பவர்கள் உண்டு. அந்த ஆய்வு நடந்தது 80 டிகிரிச் சவுனாவில், நிறை ஆவி அறையில் அல்ல. பிறந்தது முதல் அதில் பழகிய மக்களிடையே. அதுவும் கவனித்து எழுதிய ஆய்வு, சவுனாதான் காரணம் என்று நிறுவிய சோதனை அல்ல. வாரத்தில் பல நாள் ஓய்வாகக் குளிக்க முடிகிறவர் வேறு வகையிலும் நலமாக இருந்திருக்கலாம். நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் நம் அறைக்கு அப்படியே பொருத்த முடியாது. எடை குறையும் என்பதோ தண்ணீர்க் கணக்கு. ஒரு சொம்பு மோரில் திரும்பி வந்துவிடும். நச்சு வெளியேறும் என்பவர்களுக்கு, அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் செய்துகொண்டிருக்கின்றன, வியர்வையில் பெரும்பாலும் நீரும் உப்பும்தான் என்பதே பதில். கர்ப்பிணிகள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரியவோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. காய்ச்சலில் வேண்டவே வேண்டாம். குடித்துவிட்டுப் போனால், எழ வேண்டிய நேரம் வந்தது உடம்புக்குத் தெரியாமலே போகும்.

குளித்து முடிந்ததும் அறையும் ஆற வேண்டும். ஜெனரேட்டரில் மிஞ்சிய சூட்டுத் தண்ணீரை ஒவ்வொரு முறையும் வடித்துவிடுங்கள். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் உப்பு படிந்து சுருளைச் சில மாதங்களிலேயே மூடிவிடும், மாதம் ஒருமுறை சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊறவைத்துக் கழுவ வேண்டும். கண்ணாடியையும் பெஞ்சையும் ரப்பர் வைப்பரால் வழித்து, எக்ஸாஸ்ட் ஃபேனை அரைமணி ஓடவிட்டு, கதவை ஒருக்களித்தே வையுங்கள். டைல்ஸ் இடுக்கில் கருப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் அன்றே தேய்த்துக் கழுவிவிடுங்கள். அடுத்த முறை சூடேற்றும்போது பூஞ்சையின் மக்கிய வாடைதான் முதலில் எழும், நொச்சியின் மணம் பிறகுதான்.